தள்ளிப்போடுற மாத்திரை

இப்படி வந்து உக்காருங்கக்கா. அந்த நாற்காலிக்குக் காலு ஆட்டம், நம்பி உக்காந்தா ஆளக் கவுத்திரும். பிள்ளையளப் பாக்க வாரவிய உக்காருற இந்த ஹாஸ்டல் ரூம்ல எந்த ஃபேன் ஓடும், எந்தக் கொழாயில தண்ணி வரும்னு எல்லாமே எனக்கு மனப்பாடம். ஞாயித்துக்கெழம ஆனா திசையன்வெளையில இருந்து மொத பஸ்ஸப் பிடிச்சி இங்க வந்து இந்த ஜன்னலோரமா உக்காந்துருவேன்.

உங்க பிள்ள மொத வருசமா? ஆயாம்மாகிட்ட பேரு சொல்லி விட்டாச்சுல்ல? வந்துரும். குளிச்சிக்கிட்டு இருக்கும். மொத வருசத்துப் பிள்ளைய அம்மா வந்துருக்கான்னா படி படியாவா எறங்கும், உருண்டுல்லா வரும்!

எம்மவ வரமாட்டா. பொன்செல்வின்னு பேரு, மூணாவது வருசம். மேல மாடியிலதான் இருக்கா. நான் வந்தது அவளுக்குத் தெரியும். ஆயாம்மா போயி சொல்லுவாவ. அவ ஒரு கேள்வி கேட்டு அனுப்புவா. நான் பதில் சொல்லமாட்டேன். கொண்டு வந்தத ஆயாம்மா கையில கொடுத்துட்டுத் திரும்ப பஸ் ஏறுவேன். சித்திரை முடிஞ்சதுல இருந்து இதே கூத்துதான். லீவுக்கும் வீட்டுக்கு வரல. போன் போட்டா எடுக்கமாட்டா. பெத்த தாயிகிட்ட யாராவது இப்படி வைராக்கியம் சாதிப்பாளா? நீங்களும் பொம்பளப் பிள்ளையப் பெத்தவிய. நான் சொல்லுதேன், கேட்டுட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க.

எம்மவ காலேஜ் சேந்தப்ப எல்லாத் தாயும் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டிக் கொடுத்தா. நான் ஒரு பிஸ்கட் டப்பா நெறய மாத்திரை கட்டிக் கொடுத்தேன். சிரிக்காதிய. இந்த ஊருல பிள்ளைக்கு மேலுக்கு முடியலன்னா யாரு பாப்பா? காய்ச்சலுக்கு இது, தடுமனுக்கு இது, மேல்வலிக்கு ரோஸ் கலரு, வயித்தால போனா வெள்ளையில சின்னதுன்னு ஒவ்வொண்ணாச் சொல்லி மனப்பாடம் பண்ண வச்சேன். அட்டை இடத்த அடைக்குன்னு ஒவ்வொண்ணையும் கத்திரியால வெட்டித்தான் போட்டேன். பேரு எதுல இருந்துச்சோ, அத யாரு பாத்தா? கலரு தெரிஞ்சாப் போதாதா?

அந்த டப்பா வந்த பொறவு இந்த மாடியே எம்மவ ரூம்லதான். ஒருத்தி காலையில சாப்பிட மாட்டா, கேஸ் மாத்திரையப் போட்டுட்டு கிளாஸுக்கு ஓடுவா. ஒருத்திக்கு பரீட்சன்னா தலவலி வந்துரும். ஒருத்தி முழிச்சிருக்க ஒண்ணு போடுவா, பொறவு ஒறங்க ஒண்ணு போடுவா. ஒருத்தி டாக்டர் எழுதிக் கொடுத்ததுல பாதியத் தின்னுட்டு, சொகமாயிட்டுன்னு மிச்சத்த எம்மவ டப்பாவுல போட்டுட்டுப் போவா. அது அடுத்தவளுக்கு ஆகும். சீட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், இந்தா எதுத்தாப்புல கடையில கேட்டா வெட்டிக் கொடுப்பான். எல்லா ஹாஸ்டல்லயும் இப்படித்தானக்கா நடக்கு? இது ஒரு குத்தமா?

சந்தேகம்னா பிள்ளைய எனக்குப் போன் போடும். ‘ஆண்ட்டி, இது போடலாமா, ஆண்ட்டி, அது போடலாமா’ன்னு. எனக்கு மாத்திர ஆண்ட்டின்னே பேரு. நான் பத்தாவது தாண்டாதவ. யுனிவர்சிட்டியில படிக்கிற பிள்ளைய எங்கிட்ட கேக்குதுன்னா எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக்கூடாது.

அதுல தேன்மொழின்னு ஒரு பிள்ள. எம்மவளும் அவளும் ஒரே ரூமு. வத்தலக்குண்டுப் பக்கம். தகப்பன் கெடையாது. தாயி பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறாவ. மெலிஞ்ச பிள்ள, பல்லு லேசா முன்னால துருத்தியிருக்கும், ஆனா சிரிச்சா வீடே நெறஞ்சிரும். எங்க வீட்டுக்கு வந்தா நேரா அடுப்பங்கரைக்குத்தான் வரும். ‘நீங்க நகருங்கம்மா’ன்னு கரண்டிய பிடுங்கிக்கிடும். எம்மவ ஒரு நாளும் என் கையில இருந்து கரண்டி வாங்குனதில்ல.

எங்க முப்புடாதி அம்மன் கோயிலுக்கு சித்திரையில கொடை, வருசத் திருவிழா. எங்க வீட்டுக்காரவியதான் கோயில் தலைவரு. எம்மவ முளைப்பாரி எடுக்கணும்னு நேந்திருந்தேன். தேன்மொழியும், ‘நானும் தலையில வச்சி வரட்டுமா, எங்க ஊருல எனக்கு யாரும் கொடுக்க மாட்டாங்க’ன்னுச்சு. கேக்கும்போதே எனக்கு மனசு எளகிட்டு. வா தாயி, ஒனக்கும் ஒண்ணு போட்டு வைக்கேன்னு சொன்னேன். சாணி, வைக்கோலு, நவதானியம் எல்லாம் எடுத்து அவ பேருல தனியா ஒரு ஓட்டுல வெதச்சேன். எம்மவளோடத விட அதுதான் செழிப்பா வளந்துச்சு.

ஆனா கொடை நாளும் பிள்ளைய வீட்டுக்குத் தூரமாவுற நாளும் ஒண்ணா வந்துச்சு. ரெண்டு பேருக்கும். நம்ம வீட்டுல இதுக்கு என்ன செய்வோம்? தள்ளிப்போடுற மாத்திரைய போடுவோம். கல்யாணம், கிரகப்பிரவேசம், திருச்செந்தூரு, எதுக்கும் அதான. நான் கல்யாணமாகி வந்ததுல இருந்து போடுதேன். எனக்கு என்ன வந்துட்டு? எம்மவளும் வயசுக்கு வந்ததுல இருந்து போடுதா. டப்பாவுல மஞ்சக் கலருல இருக்கும், ரெண்டு பேரும் போட ஆரம்பிங்கன்னு சொன்னேன்.

அந்தப் பிள்ள கேட்டுச்சுக்கா. மறைக்க என்ன இருக்கு. ‘அம்மா, எனக்கு நீர்க்கட்டி இருக்கு, அதுக்கு ஏற்கனவே ஒரு மாத்திரை போடுறேன், இதையும் சேத்துப் போடலாமா’ன்னு கேட்டுச்சு. ரெண்டும் பொம்பளைய சமாச்சாரத்துக்குத்தான, தாராளமா போடுன்னேன். எம்மேல அம்புட்டு நம்பிக்கை அதுக்கு. எங்கிட்டதான் கேக்கும். அவங்க அம்மாகிட்டகூட கேக்காது.

அதுக்குள்ள எங்க ஊருல ஒரு பெரியவரு தவறிட்டாரு. தீட்டுன்னு கொடைய அடுத்த செவ்வாய்க்குத் தள்ளி வச்சாவ. அதுக்கு நான் என்ன செய்யட்டும்? மாத்திரைய நிறுத்துனா வந்துரும். அப்ப நிறுத்தாதிய, போட்டுக்கிட்டே இருங்கன்னு சொன்னேன். தேன்மொழி தல சுத்துதுன்னு சொன்னா. வெயிலுன்னு மோரு கொடுத்தேன்.

கொடை எப்படி நடந்துச்சு தெரியுமா! வில்லுப்பாட்டு, மேளம், சிலருக்கு சாமி வந்து ஆட்டம். அந்தப் பிள்ள எம் பச்சப் பட்டுச் சேலையக் கட்டிக்கிட்டு, முளைப்பாரியத் தலையில வச்சி வந்தா பாருங்க, ஊரே யாரு மவ யாரு மவன்னு கேட்டுச்சு. எம் மவதான்னு சொன்னேன். சொல்லும்போது எனக்கே அப்படித்தான் இருந்துச்சு.

பொறவு ரெண்டு பேரும் பஸ் ஏறி இங்க வந்தாளுவ. மணிக்கணக்கா பஸ்ஸுல உக்காந்த பயணம். வந்த பொறவு எம்மவ போன் போட்டா. ‘அம்மா, தேனுக்கு ஒரு காலு மட்டும் வீங்கியிருக்கு, கெண்டைச் சதை கல்லு மாதிரி இருக்கு, தொட்டாக் கத்துதா’ன்னு. நான் என்ன நெனச்சேன், வெறுங்காலோட ஊரச் சுத்தி வந்த பிள்ள, காலு வலிக்கத்தான் செய்யும். நல்லெண்ணெய சூடு காட்டி நல்லா அழுத்தி நீவி விடு, ரோஸ் மாத்திர ரெண்டு கொடுன்னு சொன்னேன். எந்தத் தாயும் அதத்தான சொல்லுவா? நீங்க என்ன சொல்லியிருப்பிய?

எம்மவ நீவி விட்டிருக்கா. மடியில காலத் தூக்கிப் போட்டுக்கிட்டு. நல்லா அழுத்தி.

மறுநாளு காலையில சாப்பிட எறங்கும்போது அந்தா அந்தப் படியில, மூச்சு வாங்குதுன்னு உக்காந்துருக்கா. தண்ணி கேட்டுருக்கா. எம்மவ தண்ணி கொண்டு வரதுக்குள்ள சாஞ்சிட்டா. ஆஸ்பத்திரி போய்ச் சேரல.

இருங்க, கண்ணத் தொடச்சிக்கிடுதேன். இத எப்பச் சொன்னாலும் எனக்கு இந்த எடத்துல நிக்காது. நான் என்ன கல்லா? அந்தப் பிள்ளைக்கு வெதச்ச கையிது.

டாக்டரு, காலுல ரத்தம் உறஞ்சு கட்டியாகி, அது நெஞ்சுக்கு ஏறிட்டுன்னு சொன்னான். என்ன மாத்திரை போட்டான்னு கேட்டதுக்கு எம்மவ அந்த டப்பாவக் கொண்டு போயி அவன் மேசையில கொட்டியிருக்கா. அவன் மஞ்சளத் தனியா எடுத்து வச்சானாம். நீர்க்கட்டிக்குப் போட்டதையும் இதையும் சேத்து இம்புட்டு நாளு போடலாமான்னு கேட்டானாம். வீங்குன காலத் தொட்டிருக்கவே கூடாது, நீவலாமான்னும் கேட்டானாம். அதுல இருந்து எம்மவ தன் கையத் தானே வெறிச்சிப் பாக்கா. டாக்டருக்கென்ன, சொல்லுவான். எத்தன பேரு போடுதோம், எல்லாருமா செத்துட்டோம்? அவ விதி முடிஞ்சிட்டு. நான் அப்படித்தான் நெனைக்கேன். அப்படி நெனைக்கலன்னா நான் எப்படிக்கா ஒறங்குறது?

நீங்க ஏன் அந்த மாத்திரை அட்டைய பைக்குள்ள தள்ளுதிய? பிள்ளைக்கு வயித்துவலிக்கா? கொடுங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். எல்லாரும் கொடுக்கதுதான்.

இனிமேதான் சங்கதியே. வத்தலக்குண்டுல எழவு வீட்டுக்கு நாங்களும் போனோம். அங்க ஒரு கூட்டம் கூடிப் பேசுது. அந்தப் பிள்ளைக்கு ஒரு மாமன், அவன் ஆஸ்பத்திரியில மாத்திரையப் பாத்துட்டு, பிள்ள உண்டாகாம இருக்கப் போடுததுன்னு நெனச்சிருக்கான். ‘கல்யாணமாகாத பொண்ணுக்கு இந்த மாத்திரை எதுக்கு? எவன்கூட சுத்துனா?’ன்னு வாசல்ல நின்னே கேக்கான். பொம்பளைய வாயப் பொத்திக்கிட்டு குசுகுசுங்குறாளுவ. அந்தத் தாயி பிணத்துப் பக்கத்துல உக்காந்து இதெல்லாம் காதுல வாங்கிக்கிட்டு, அழக்கூட இல்ல. தலையக் குனிஞ்சே இருந்தா. ஒரு தாயி பிள்ள செத்ததுக்கு அழமுடியாம வெக்கப்பட்டுக்கிட்டு உக்காந்துருந்தத அன்னைக்குத்தான் பாத்தேன்.

எம்மவ எந்திரிச்சா. ‘நான் சொல்லுதேன், இது எங்க ஊரு கொடைக்குப் போட்ட மாத்திரை’ன்னு வாயெடுத்தா. நான் கையப் பிடிச்சி இழுத்துட்டு வந்து கார்ல ஏத்திட்டேன்.

பின்ன என்னக்கா செய்யச் சொல்லுதிய? போலீஸு கேஸுன்னு ஆகியிருந்தா? எம்மவளும் கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ள. முளைப்பாரி எடுத்த பிள்ள ஒரு வாரத்துல செத்துட்டுன்னு எங்க ஊருல தெரிஞ்சா, அம்மனுக்கு ஆகல, தலைவரு வீட்டுல என்னமோ குத்தம்னு சொல்லமாட்டானா? எங்க வீட்டுக்காரவிய தலை நிமிர முடியுமா? எம் பிள்ளைய காப்பாத்தத்தான இழுத்துட்டு வந்தேன்.

எம்மவ பொறவு தனியா அங்க போயிருக்கா. அந்த அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கா. அந்த அம்மா நம்பல. ‘எம் பொண்ணு மானத்தைக் காப்பாத்த நீ பொய் சொல்ற, நீ நல்ல பிள்ள, போயிட்டு வாம்மா’ன்னு சொல்லி கதவச் சாத்திட்டாளாம். பெரியவிய யாராவது வந்து சொன்னாத்தான் ஊரு நம்பும், அந்தத் தாயும் நம்பும். இப்ப அந்த அம்மா சத்துணவுக் கூடத்துக்குப் போனாக்கூட கூட வேல பாக்குறவிய பேசுறதில்லையாம். மவ படத்துக்கு மாலை போடாம செவுத்தப் பாத்துத் திருப்பி வச்சிருக்காளாம்.

அதுக்குத்தான் எம்மவ எங்கிட்ட ஒத்தக்கால்ல நிக்கா. ‘நீ போயி அந்த அம்மாகிட்ட, நாந்தான் போடச் சொன்னேன், கொடைக்காகத்தான் போட்டா, வேற ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்த சொல்லு. சொல்லிட்டு வா. பொறவு நான் ஒன்கிட்ட பேசுதேன்.’ இதான் அவ கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஆயாம்மாகிட்ட அதத்தான் கேட்டு அனுப்புதா, சொல்லியாச்சான்னு.

ஒரு வார்த்ததான். எனக்கும் தெரியும் ஒரு வார்த்ததான்னு. ரெண்டு தடவ வத்தலக்குண்டு பஸ்ஸுல ஏறி உக்காந்தேன்க்கா. ரெண்டு தடவையும் வண்டி எடுக்கதுக்கு முன்ன எறங்கிட்டேன். அந்த அம்மா என்னைய அடிச்சா வாங்கிக்கிடுவேன். மண்ண வாரித் தூத்துனாலும் நின்னுக்கிடுவேன். ஆனா அவ ஒண்ணும் செய்யாம, ‘அவ கேட்டப்ப போடச் சொன்னியா’ன்னு மட்டும் கேட்டுட்டா?

ஆயாம்மா வாராவ. இருங்க.

என்ன ஆயாம்மா, பாத்தியளா? மெலிஞ்சிருக்காளா? சாப்பிடுதாளா? என்ன சொன்னா?

அதே கேள்விதானா.

நில்லுங்க ஆயாம்மா, போயிராதிய. இன்னைக்கு... இன்னைக்கு சொல்லியாச்சுன்னு போயிச் சொல்லுங்க. ஆமா. அம்மா வத்தலக்குண்டு போயி அந்த அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு, அங்க இருந்துதான் நேரா வாராளாம்னு சொல்லுங்க. ஆமா, நெசமாத்தான். போங்க, சீக்கிரம் போங்க.

அப்படிப் பாக்காதியக்கா. எனக்கும் தெரியும். ஒங்களுக்குக் கெடச்ச மாதிரி ஓடி வர ஒரு பிள்ள இருந்தா நானும் அப்படித்தான் பாப்பேன். ஒரே ஒரு தடவ அவ மொகத்தப் பாத்துக்கிடுதேன். வைகாசியில இருந்து பாக்கலக்கா. அம்மான்னு கூப்புடுற சத்தம் எப்படியிருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு. பொய்தான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, சோறு போட்டு, தலையில எண்ண வச்சி, மெதுவாச் சொல்லிப் புரிய வைப்பேன்...

படியில ஓடி வார சத்தம் கேக்கா ஒங்களுக்கு?

ஏ தாயி! ஏட்டி, மெதுவா, விழுந்துருவ... வாளா, வா. எப்படி எளச்சிட்ட! எலும்பா இருக்க. அழாத. எங்கண்ணுல்லா, அழாத. ஆமா, சொல்லிட்டேன். சொல்லிட்டேன் மவளே. எல்லாத்தையும்தான். நீர்க்கட்டி மாத்திரைய கேட்டதையும் சொன்னேன். காலு நீவச் சொன்னதும் நாந்தான்னு சொன்னேன். ஒங் கையில ஒரு பாவமும் இல்லன்னு சொன்னேன்.

அவிய என்ன சொன்னாவன்னா... அழுதாவ. ரொம்ப அழுதாவ. பொறவு... படத்தத் திருப்பி வச்சாவ. ஆமாட்டி, திருப்பி நேரா வச்சாவ. நான் பாத்தேன்.

என்னளா? எங்க போற? வத்தலக்குண்டுக்கா? இப்பவா? இன்னைக்கேவா? நாளைக்குப் போலாமே, நீ மொதல்ல வீட்டுக்கு வந்து... இல்ல, வேண்டாங்கல. கதவச் சாத்தமாட்டாவ. இனி உள்ள விடுவாவ. சரி தாயி. சரி. நீ போயி உடுத்திட்டு வா. நான் இங்கதான் இருக்கேன். எங்க போவேன்? ரெண்டு பேரும் சேந்தே போவோம்.

சிரிச்சிட்டுப் போறாக்கா. பாத்தியளா. என் கன்னத்தத் தொட்டுட்டுப் போறா.

அக்கா, ஒங்க பிள்ளையும் வந்து நிக்கி பாருங்க. ஒரு நிமிசம் பொறுக்கச் சொல்லுங்கக்கா. வத்தலக்குண்டுக்கு இங்க இருந்து பஸ்ஸு எம்புட்டு நேரம் போவும்? எம்மவ என் கையப் பிடிச்சிக்கிட்டுப் பக்கத்துல நிப்பா. அந்த அம்மா கதவத் தெறப்பாவ. மொத வார்த்த நான் என்னக்கா சொல்லணும்?